கடல் கடந்த கால்நடை வைத்தியம்

மாட்டின் நாடி தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதில்லை. அதனைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் பட்டமோ கடல் கடந்தவுடன் செல்லாக் காசாகிவிடுகின்றது. இதனை யாம் ஏட்டில் படித்து அறிந்தோமல்லேம்; எம் தங்கையின் வாழ்வில் கண்டறிந்தோம்.

சேர்வராயன் மலைமீது ஏற்காட்டைச் சார்ந்த வெள்ளக்கடை எமதூர். நாமக்கல்லில் 1985-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவள் பட்டம் பெற்று, காப்பித் தோட்டங்களினூடே நடந்து, மலைவாழ் மக்களின் ஆடுமாடுகளுக்குச் சில ஆண்டுகள் வைத்தியம் புரிந்தாள். பின்னர் மணவாழ்க்கை அவளை அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அழைத்துச் சென்றது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. இன்று அவள் ஒரு நாய் வைத்தியசாலையில் கூண்டு துலக்கும் உதவியாள்.

அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் தான் ஆராய்ந்து ஒப்பிய கல்லூரிகளில் பயின்றோர், அங்குள்ள தேசியப் பரீட்சைக்கு நேரே செல்லலாம். அத்தகைய கல்லூரிகள் அயல்நாடுகளிலும் சில உள. நம் நாட்டில் ஒன்றேனும் இல்லை. ஆதலின் நம்மவர் தம் தகுதிக்குத் தனியே சான்று பெறல்வேண்டும். அதற்குரிய இரு வழிகளுள் எம் தங்கை மேற்கொண்டது அச்சங்கத்தின் வழி. பட்டச் சான்றும் ஆங்கிலப் பயிற்சியும் காட்டிய பின் ஒரு வினாத்தாட் பரீட்சை. அதன்பின் கைத்திறப் பரீட்சை. மயக்கமளித்தல், அறுவை, குதிரை, உணவுக்குரிய கால்நடை, சிறு பிராணிகள், ஊடுகதிர்ப் படம், பிணப் பரிசோதனை என அது ஏழு பிரிவினது. கட்டணம் பல ஆயிரம் டாலர். இவையன்றி, அந்நாட்டு மாணாக்கரோடு ஒக்க 360 வினாக்கள் கொண்ட தேசியப் பரீட்சையும் எழுதல்வேண்டும். உரிமம் அளிப்பது அவ்வம் மாநிலம்.

அவள் நன்கறிந்த நோய் கோமாரி. 1929-க்குப் பின் அந்நோய் அந்நாட்டில் தோன்றவில்லை. ஆண்டுள்ள வைத்தியருட் பெரும்பாலோர் அதனைப் படத்திலன்றிக் கண்டிலர். சென்ற ஆண்டு எம் அன்னை, கிடாரி தீனி கொள்ளவில்லையெனத் தொலைபேசியில் அழைத்தபோது அங்கே நள்ளிரவு. வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்; நாவிற் கொப்புளம் கண்டு, உடனே தனியே கட்டுமாறும், அரசு மருத்துவருக்குச் சொல்லியனுப்புமாறும் கூறினாள். அம்மை எழுப்பியது வைத்தியரை. விடிந்ததும் வேலைக்குச் சென்றது உதவியாள்.

நிற்க. இப்பரீட்சைகளை யாம் அநியாயமென்று கூறேம். நம் நாட்டிலும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், எவ்வெப் பட்டங்கள் ஏற்புடையன என வரையறுத்தே பதிவளிக்கின்றது. வாயில்லாப் பிராணி தன் வைத்தியரைத் தானே தெரிந்துகொள்ள இயலாதன்றோ? பிறர்தாம் தெரிந்தளித்தல் வேண்டும். எமக்குள்ள குறை காலத்தைப் பற்றியது. உதவியாளின் சம்பளத்தில் அக்கட்டணத்தைச் சேர்ப்பதற்குள் ஆண்டுகள் ஓடுகின்றன. கத்தி பிடித்த கை அதற்குள் பழக்கம் மறக்கின்றது. அவள் வாழைப்பழத் தோலைக் கீறித் தைத்துப் பழகுவதாகக் கேட்டு எம் அன்னை முதலில் நகைத்தாள். பின் நெடுநேரம் பேசவில்லை.

வினாத்தாட் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள். கைத்திறப் பரீட்சையில் அவள் அஞ்சுவது குதிரையை. கல்லூரியில் தொட்டதுண்டு, மலையில் அவளிடம் வந்தவை மாடும் ஆடும் கோழியுமே. ஆதலின் ஞாயிறுதோறும் ஒரு குதிரைப் பண்ணைக்குச் சென்று, கூலியின்றி லாயம் பெருக்கி, ஒவ்வொரு குதிரையின் காலையும் தூக்கிப் பார்த்துப் பழகி வருகிறாள்.