மரம் செத்ததை எப்போது எழுதுவது

மார்ச் மாதம் முதுமலைக் காட்டுக்குள் நின்று பார்த்தால், எந்த மரம் உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று கண்ணால் சொல்ல முடியாது. தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி என்று பெரும்பாலானவை இலையை உதிர்த்துவிட்டு ஒரே மாதிரிதான் நிற்கும். மரம் அளப்பவனின் முதல் பாடமே, கோடையில் எந்த மரத்தையும் செத்ததாக எழுதாதே என்பதுதான்.

மழைக்குப் பிறகும் துளிர்க்காத மரத்தைக் கத்தி நுனியால் நகத்தளவு சுரண்டிப் பார்ப்பேன். மேல்தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, தூள் தூளாக உதிர்ந்தால் இன்னும் கீழே சுரண்ட வேண்டும். உச்சி முழுக்கக் காய்ந்த மரம் தூரில் விரலளவு துளிரை விட்டுக்கொண்டு நிற்பதுண்டு. அதையும் செத்ததாக எழுதக் கூடாது.

சில மரங்களின் மார்பளவு உயரத்தில் சுருள்வில் கோத்த எஃகுப் பட்டி கட்டியிருப்போம். தண்டு பருத்தால் பட்டியின் இடைவெளி கூடும். கோடையில் அதே இடைவெளி சுருங்கும், ஏனென்றால் மரம் தன் தண்டில் வைத்திருக்கும் நீரை எடுத்துச் செலவழிக்கிறது. கோடைமழை ஒன்று விழுந்ததும் தண்டு உப்பும். அது வளர்ச்சி இல்லை, இழந்த நீர் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இலை நீரை ஆவியாக்கும்போது வேரிலிருந்து உச்சி வரை ஒரு நீர்த்தாரை இழுபடுகிறது. மண் காய்ந்துபோனால் இழுப்பு கடுமையாகி, தாரை அறுந்து, நீர் ஏறும் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன் பிறகு பெரும்பாலும் பயன்படாது. இதைத் தவிர்க்க மரம் இலைத்துளைகளை மூடுகிறது. மூடினால் உணவு தயாரிப்பு நின்றுவிடும், சேமிப்பிலிருந்துதான் உயிர் வாழ வேண்டும். சேமிப்பு குறையக் குறையத் துளையிடும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் எதிராகப் பிசின் சுரக்கக்கூடத் தெம்பிருக்காது.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்குகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியை ஏந்த முடியும். எனவே பெய்த மழை அதே அளவாக இருந்தாலும், சூடான ஆண்டில் மரத்திடமிருந்து காற்று கேட்கும் தண்ணீர் அதிகம். மழைமானியை மட்டும் பார்த்து வறட்சியை எடைபோடுவது போதாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988-இல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தது. அங்கே ஆண்டுதோறும் எடுத்த கணக்கில் தெரிந்த ஒரு செய்தி என் வேலையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. பெரிய மரங்களின் சாவு, மழை பொய்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துதான் கூடியது. ஆழமாக வேர் விட்ட மரங்கள் பாறை இடுக்கில் தேங்கிய நீரை நம்பி வாழ்பவை. அந்த இருப்பு ஒரு நல்ல மழையில் நிரம்பிவிடாது. சின்ன மரங்களின் கதை வேறு. அவற்றைத் தீயும் யானையும் எடுத்துக்கொள்கின்றன, வறட்சி அந்தத் தீக்கு வழி விடுகிறது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அதுபோன்ற வறட்சிக்கு அடுத்து ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், சாலையில் போகிறவர்கள் காடு மீண்டுவிட்டது என்கிறார்கள். கண்ணில் படும் பச்சையில் பாதி உண்ணிச்செடி. நான் கருமருதின் உச்சியைப் பார்க்கிறேன். மேல் கிளைகள் மொட்டையாகி, இலையெல்லாம் தண்டை ஒட்டியே கொத்தாக வந்திருந்தால், அந்த மரத்தின் எண்ணுக்கு எதிரே ஒரு குறி வைப்பேன். உயிரோடு இருக்கிறது என்றுதான் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் முதலில் அந்த மரத்திடம்தான் போவேன்.