திருடனுக்கு ஒரு லைட்டு, அம்மாவுக்கு ஒரு லைட்டு

வடலூர்க்காரன்னு சொன்னா வெளியூர்ல ரெண்டு கேள்விதான் கேட்பாங்க. ஒண்ணு, "தைப்பூச ஜோதி பார்த்திருக்கியா?" இன்னொண்ணு, "நெய்வேலி பக்கத்துலதானே, உங்களுக்கெல்லாம் கரண்ட்டே போகாதே?" முதல் கேள்விக்குப் பதில்: பார்த்திருக்கேன், ஏழு திரையும் விலகுற வரைக்கும் கூட்டத்துல நசுங்கிக்கிட்டே. ரெண்டாவதுக்குச் சிரிப்புதான் பதில் :-) 1962-லேயே கரண்ட் எடுக்க ஆரம்பிச்ச ஊரு கூப்பிடு தூரத்துல இருந்தும், 2012 மின்வெட்டுல நாங்களும் கையில விசிறியோடதான் உட்கார்ந்திருந்தோம்.

வெளிச்சத்தைப் பத்திப் பேச இவ்ளோ தகுதி போதும்னு நினைக்கிறேன். வீட்டுக்கு செக்யூரிட்டி லைட் போட்ட கதையைச் சொல்றேன், கேளுங்க.

எங்க வீடு ஊரோட ஓரம். முன்னாடி தெரு, பின்னாடி கொல்லை, அதுக்கப்புறம் வயல். நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். வீட்டுல அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். போன மார்கழியில நாலு வீடு தள்ளி ஒருத்தர் வீட்டுல ராத்திரியோட ராத்திரியா தண்ணி மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. மறுநாள் காலையிலேயே அப்பாகிட்ட இருந்து போன். "டேய், மாடியில 100 வாட்ஸ் ஃபோகஸ் லைட் ஒண்ணு மாட்டிடுவோம். தெருவே பட்டப்பகல் மாதிரி இருக்கணும்."

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அப்பாவும் நானும் வாட்ஸ் கணக்குப் பேசிக்கிட்டு இருந்தப்போ, அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க. "திருடன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவானோ என்னமோ. நான் தினம் ராத்திரி ரெண்டு தடவை கொல்லைப்பக்கம் பாத்ரூமுக்குப் போறேன். அந்தப் பக்கம் லைட்டைப் பத்தி யாராவது பேசினீங்களா?"

நியாயமான கேள்வி. எங்க பக்கம் ராத்திரியில நடமாடுற ஆபத்துல திருடன் ரெண்டாவது இடம்தான். கட்டுவிரியன் ராத்திரியில சுத்துற பாம்பு. மழைக்காலத்துல பாசி பிடிச்ச படிக்கட்டு வேற. அறுபதைத் தாண்டினவங்க ஒரு தடவை வழுக்கி விழுந்தா, மோட்டார் திருடு போறதைவிடப் பெரிய நஷ்டம்.

சரி, லைட் போட்டா திருட்டு குறையுமா? 2016-ல நியூயார்க் அரசுக் குடியிருப்புகள்ல வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாங்க. வெளியிடங்கள்ல ராத்திரி நடக்குற பெரிய குற்றங்கள் 36 சதவீதம் குறைஞ்சதுன்னு கணக்கு வந்தது. ஆனா இங்கிலாந்து, வேல்ஸ்ல 62 உள்ளாட்சிகளோட கணக்கை வெச்சு 2015-ல வந்த ஆய்வு, தெருவிளக்கைக் குறைச்ச இடங்கள்ல குற்றம் கூடினதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லுச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரிஞ்சது இதுதான்: ஆள் நடமாட்டம் இருந்து, பார்க்க யாராவது இருந்தாதான் வெளிச்சத்துக்கு வேலை. யாரும் பார்க்காத இடத்துல போட்ட லைட்டு, திருடன் ஸ்குரூ கழட்ட டார்ச் பிடிச்ச மாதிரி :-)

அப்பாவோட ஃபோகஸ் லைட்டுல இன்னொரு சிக்கல். ராத்திரி கடலூர் ரோட்டுல எதிர்ல பஸ் ஹைபீம்ல வந்தா, பக்கத்துல சைக்கிள்ல போறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதே கதைதான் இங்கயும். லைட்டு கண்ணைக் கூசினா அதுக்குப் பக்கத்து இருட்டு இன்னும் கனமாயிடும், திருடன் நிக்கத் தோதா. பக்கத்து வீட்டு அத்தையோட படுக்கையறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான்.

கடைசியில போட்டது இவ்ளோதான்:

1. கொல்லைப் பாதைக்கு 9 வாட்ஸ் எல்.இ.டி. சாயங்காலம் தானா எரிஞ்சு விடியக்காலை அணையுற மாதிரி. மேல மூடி, வெளிச்சம் தரையில மட்டும் விழணும். மஞ்சள் வெளிச்சம், 3000 கெல்வின். நீலம் கலந்த வெள்ளைக்கு வர்ற அளவு பூச்சி இதுக்கு வராது. மழை விட்டதும் ஈசல் பட்டாளம் வர்ற ஊருல இது முக்கியம்.

2. கேட்டுக்கும் மோட்டாருக்கும் சென்சார் வெச்ச 15 வாட்ஸ் லைட் ஒவ்வொண்ணு, எட்டடி உயரத்துல. இந்த பி.ஐ.ஆர். சென்சார் உடம்புச் சூடு நகர்றதைத்தான் பார்க்கும். நேரா அதை நோக்கி நடந்து வந்தா லேட்டா கண்டுபிடிக்கும், குறுக்கே நடந்தா டக்குனு பிடிச்சிடும். அதனால வழிக்குப் பக்கவாட்டுல மாட்டினோம். ஆனா கத்திரி வெயில் காலத்துல ராத்திரியும் சூடு இறங்காதப்போ, உடம்புக்கும் சுத்துப்புறத்துக்கும் வித்தியாசம் குறைஞ்சு சென்சார் மந்தமாயிடும். அம்மா நடக்குற பாதைக்கு சென்சாரை நம்பாம எப்பவும் எரியுற லைட் வெச்சது இதனாலதான்.

3. மூணுமே இன்வெர்ட்டர் லைன்ல. "சோலார் போட்டா கரண்ட் கவலையே இல்லையே"ன்னு அப்பா கேட்டார். எங்களுக்குக் கரண்ட் போறதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டப்போ நாள்கணக்குல இருட்டு. 2015 வெள்ளம், 2024 நவம்பர் ஃபெஞ்சல், எல்லாமே அதே சீசன். அந்த மாசங்கள்லதான் வெயிலும் வராது. சின்ன சோலார் லைட்டு ரெண்டு மூணு நாள் மூடாப்புலயே படுத்துடும்.

கரண்ட் கணக்கும் போட்டேன். 100 வாட்ஸ் லைட்டு 12 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். எங்க 9 வாட்ஸ் லைட்டுக்கு ஆறரை யூனிட். சென்சார் லைட்டு ரெண்டும் தினம் ஒரு மணி நேரம் எரியுதுன்னு வெச்சாலும் இன்னும் ரெண்டு யூனிட்டுக்குள்ள. இதைக் கேட்டதும்தான் அப்பா ஃபோகஸ் லைட் ஆசையை விட்டார்!

மாட்டும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தார். "தம்பி, லைட்டு எதுனா வாங்கு, எர்த் கொடுக்காம நான் மாட்டமாட்டேன்." இரும்பு பாடி, நனைஞ்ச சுவர், செருப்பில்லாத கால். திருடனைத் தடுக்க மாட்டின லைட்டு வீட்டு ஆளையே தூக்கிடக் கூடாதில்ல? ஐபி 65 பெட்டி, 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., ஒயர் லைட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் (மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும்). இவ்ளோவும் அவர் உபயம்.

இப்போ எப்படி இருக்கு? சென்சார் கண்ணு மேல சிலந்தி வலை கட்டினா சும்மா சும்மா எரியுது, மாசம் ஒருக்கா துடைக்கணும். பூனை போனாலும் எரியுது, எரியட்டும். அப்பா ராத்திரி கேட் லைட் எரிஞ்சா எழுந்து ஜன்னல் வழியா பார்க்கறார். அந்தப் பார்வைதான் நிஜமான செக்யூரிட்டி, லைட்டு அவருக்கு உதவி மட்டும்தான்.

நீங்களும் வாங்கறதா இருந்தா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வீட்டைச் சுத்தி நடந்து பாருங்க. கூடவே, இருட்டுல அதிகமா நடக்குறது யாருன்னு வீட்டுல கேளுங்க. முதல் லைட்டை அவங்க காலடியில போடுங்க. திருடனுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

வரட்டா?