தலைக்கு ஊற்றிய தண்ணீர்

என் அக்காவின் பையன்கள் இரண்டு பேருமே ஐந்து வயதைத் தாண்டவில்லை. பிறந்து ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருப்பார்கள். பிறகு சளி, காய்ச்சல், மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரி. தேறுவார்கள், மறுபடி படுப்பார்கள். சின்னவன் போனது 1978 மார்கழியில். “பனியில பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தினாளே” என்று சாவு வீட்டிலேயே பேச்சு எழுந்தது. நடுவில் பிறந்த பெண் மட்டும் நோய்நொடியில்லாமல் வளர்ந்தாள். அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

அந்தப் பெண்ணின் மகனுக்கு மூன்று வயதுக்குள் நான்காவது நிமோனியா வந்தது. தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்த இளம் டாக்டர், “டான்சில் சதையே காணோமே” என்றார். அடுத்து, “அம்மா வழியில் சின்ன வயசிலேயே இறந்துபோன ஆண்பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டார். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். கல்யாணம் பேசும்போது மறைத்த விஷயம் அது. நான்தான் வாயைத் திறந்தேன்.

ரத்தப் பரிசோதனையில், கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று தெரிந்தது. தாய் கருவிலேயே கொடுத்தனுப்பியது சுமார் ஆறு மாதம் காக்குமாம். அந்தக் கொழுகொழு மாதங்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் இந்தக் குறையை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கண்டறிந்தார். நிமோனியாக் கிருமி அவன் ரத்தத்திலேயே திரும்பத் திரும்பக் கிடைத்தது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை மாதாமாதம் ஊசி போட்டதும் தேறினான். என் மருமகன்கள் பிறக்கும் முன்பே தெரிந்திருந்த வைத்தியம்! இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

இந்தக் குறைக்குக் காரணமான பழுதான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்று பழுதானால் மற்றது ஈடுகட்டும். ஆணுக்கு ஒன்றுதான். “அப்போ தாய் கொடுத்த நோய்தானே?” என்றார் ஓர் உறவினர். எனக்குக் கோபம் வந்தது. சுருட்டை முடியைக் கேட்டா கொடுத்தாள், இதை அறிந்து கொடுக்க?

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால், குடும்பத்தில் நடந்த பழைய சாவுகளை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அக்காவின் பேரனுக்கு நான்கு வாரத்துக்கொரு முறை எதிர்ப்பொருள் ஏற்றுகிறார்கள். செலவு பெரிதுதான். பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று ராத்திரி, டாக்டர் சொன்னதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அப்போ, நான் தலைக்கு ஊத்தினதால இல்லையாடா தம்பி?”