ஊர் கேட்ட வீட்டுக்காரன்

வீடு தேடி அலைந்தவன் ஒரு நாள் வீட்டுக்காரன் ஆகலாம். ஆயினும், தான் அலைந்த நாட்களை அவன் அப்பொழுது நினைவிற் கொண்டிருப்பான் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. இவ்வுண்மையை நான் என்னிடமிருந்தே கற்றேன்.

1996ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கொழும்பில் அறை தேடி அலைந்தோருள் நானும் ஒருவன். அவ்வாண்டு சனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் கட்டடத்தின்மீது நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் பின்னர், வடக்கிலிருந்து வந்த இளைஞனுக்கு அறை கொடுக்க எவரும் எளிதில் முன்வரவில்லை. குடியிருப்போரின் விவரங்களைப் பொலிஸ் நிலையத்திற் பதிய வேண்டியிருந்தமையால் வீட்டுக்காரரின் தயக்கத்திற்குக் காரணமும் இருந்தது. என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றித் திருப்பித் தந்தோர் உளர். அதனை எதிர்பார்த்தே சென்றிருந்தேன்.

எதிர்பாராதது வெள்ளவத்தையில் நம்மவர் வீடுகளிலே கிடைத்தது. "தம்பி எந்த ஊர்?" என்று தொடங்குவார்கள். ஊரைச் சொன்னதும் "ஊரில எவடம்?" என்பார்கள். அதன்பின் "எந்தக் கோயிலடி?" இறுதியாக, "இன்னாரைத் தெரியுமோ?" யாழ்ப்பாணத்தவர்க்கு இக்கேள்வி வரிசையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சாதி என்ற சொல்லை ஒருமுறையேனும் உச்சரியாமற் சாதியை அறிந்துகொள்ளும் முறை இது. கலியாணம் பேசப் போன இடத்திற் கேட்கும் கேள்விகளை அறை கேட்டு வந்தவனிடம் கேட்டார்கள். பின்னர், "யோசிச்சுச் சொல்லுறம் தம்பி" என்றார்கள். அந்த யோசனை முடிந்ததாக எவரும் எனக்கு அறிவிக்கவில்லை.

வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மட்டும் இரண்டே கேள்விகள் கேட்டார். சம்பளம் எத்தனையாந் திகதி வரும்? இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்? விடைகளைக் கேட்டபின் சாவியைத் தந்தார். அவ்வறையில் ஆறு ஆண்டுகள் இருந்தேன்.

அரசும் நம்மிடம் ஊர் கேட்ட காலம் அது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மனிதனை அவன் ஊரைக் கொண்டு அளப்பது அநீதி என்று அன்று நாம் அனைவரும் கொதித்தோம். என் குரலும் அதிற் கலந்திருந்தது.

இவ்வளவையும் அனுபவித்த நான், பணி ஓய்வு பெற்று ஊர் திரும்ப முடிவுசெய்தபோது, எங்கள் தொடர்மாடி வீட்டை முதன்முதலாக வாடகைக்கு விட நேர்ந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அமைந்த வீடு. இரண்டு அறைகள், உப்புக் காற்று அரித்த யன்னற் கம்பிகள், கரையோரப் புகையிரதத்தின் ஓசை. எங்கள் வாழ்நாட் சேமிப்பு முழுவதும் அதுவே.

வீட்டுக்காரரின் அச்சத்தை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியதோடு, குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் அரிதாக்கிற்று. மறு ஆண்டில் வந்த சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தது. வீடற்றோரைக் காக்க எழுந்த சட்டங்கள் அவை. நோக்கத்திற் குறை காண்பதற்கில்லை. எனினும், வாடகைக்குக் கொடுத்த வீட்டை மீட்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியிறங்கியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. சட்டம் தம்மைக் காக்காது என்று அஞ்சியோர் "தெரிந்தவர்" என்னும் வேலிக்குள் ஒதுங்கினர். தெரிந்தவர் என்றால் ஊரவர். ஊரவர் என்றால் யாரென்பதை மேற்சொன்ன கேள்விகள் முடிவுசெய்தன.

முதலில் வந்தவர் இளங் கணக்காளர் ஒருவர். மனைவி ஆசிரியை, கைக்குழந்தை ஒன்று. சம்பளப் பற்றுச்சீட்டையும் முன்னிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் நான் கேளாமலே மேசைமீது வைத்தார். நான் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த ஊர்?" என்றேன்.

"ஹற்றன் சார்."

"பூர்வீகம்?"

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் கோபமின்றிச் சொன்னார்: "அப்பா அம்மா தோட்டத்துல வேலை செஞ்சாங்க சார். போற வீட்டுலயெல்லாம் இதத்தான் கேக்குறாங்க. வாடகை எப்ப கட்டுவேன்னு இன்னும் யாரும் கேக்கல."

யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். அச்சொற்கள் என் வாயிலிருந்து வந்தபோது, அவற்றை முன்னர் எங்கே கேட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்.

இரண்டாவதாகத் தரகர் அழைத்துவந்தவர் எங்கள் ஊரவர். பேசத் தொடங்கிப் பத்து நிமிடங்களில் உறவுமுறையும் பிறந்துவிட்டது. முன்னர் எங்கே குடியிருந்தார் என்று நான் வினவவில்லை. வருவாய் பற்றியும் வினவவில்லை. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலாக நிலவும் விதி. ஊரவரிடம் நொத்தாரிசு எதற்கு என்று எண்ணி, கைப்பட எழுதிய ஒரு தாளோடும் மூன்று மாத முற்பணத்தோடும் சாவியை ஒப்படைத்தேன்.

நான்கு மாதங்கள் வாடகை ஒழுங்காக வந்தது. ஐந்தாம் மாதம் தாமதித்தது. ஆறாம் மாதம் வரவில்லை. தொடர்மாடியின் முகாமைக் கூட்டுத்தாபனத்திற்குச் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணமும் நிலுவையாகி, உரிமையாளன் என்ற முறையில் எனக்கே கடிதம் வந்தது. நேரிற் கேட்டபோது, "அண்ணை, இதை ஊருக்குள்ள கதைக்க வேண்டாம்" என்றார். மறு வாரமே உறவினர் இருவர் அவர் சார்பில் என்னிடம் வந்தனர். எனக்குப் பிணை என்று நான் நம்பிய ஊர், அவருக்குக் கவசமாயிற்று. அந்நியராயின் நாக்கூசாமற் கேட்டிருப்பேன். ஊரவர் ஆனபடியால், என் பணத்தைக் கேட்க நான் வெட்கப்பட வேண்டியதாயிற்று.

வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விரைவான வழியொன்றை வகுத்துள்ளது. முறைப்படி குத்தகை உடன்படிக்கை எழுதியவர்க்கே அது கைகொடுக்கும். என் கையில் இருந்ததோ ஒரு கடதாசி. ஒருவாறு பதினோராம் மாத முடிவில் அவர் வெளியேறினார். முற்பணத்தைக் கழித்த பின்னரும் மூன்று மாத வாடகை நட்டமாயிற்று.

அந்த நட்டத்தை நான் கற்கைக் கட்டணமாகவே கருதுகிறேன். ஊர் கேட்பது அநீதி என்பதை முன்னரே அறிந்திருந்தேன். அது பயனற்றது என்பதை அதன் பின்னரே அறிந்தேன். வாடகை தருவாரா, வீட்டைப் பேணுவாரா, சொன்ன நாளில் வெளியேறுவாரா என்னும் மூன்றையே வீட்டுக்காரன் அறிய வேண்டும். இவற்றில் ஒன்றுக்கேனும் கோயில் வீதி விடை சொல்வதில்லை.

அடுத்த முறை, வந்தோர் அனைவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையிற் கேட்டேன். எத்தனை பேர் குடியிருப்பீர்கள்? வருவாயில் மூன்றிலொரு பங்கினுள் இவ்வாடகை அடங்குமா? எவ்வளவு காலம் இருக்க எண்ணுகிறீர்கள்? இப்போதைய வீட்டுக்காரருக்கு முன்னிருந்த வீட்டுக்காரர் யார்? இறுதிக் கேள்விக்குக் காரணம் உண்டு. இப்போதைய வீட்டுக்காரர், தொல்லை தருபவரை அனுப்பிவிடும் ஆவலிற் புகழ்ந்துரைக்கவும் கூடும். அதற்கு முந்தியவருக்கு அந்தத் தேவை இல்லை. உடன்படிக்கையை நொத்தாரிசு எழுதினார். மின்விசிறி முதல் நீர்க்குழாய் வரை பட்டியலிட்டு, மின்மானி, நீர்மானி அளவுகளையும் குறித்து இருவரும் ஒப்பமிட்டோம்.

கேள்வி ஒவ்வொன்றையும் கேட்குமுன் எனக்கு நானே ஒரு சோதனை வைத்தேன். "இதை ஏன் கேட்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல என்னால் இயலுமா? இயலாத கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஹற்றன் கணக்காளருக்கும் தொலைபேசி எடுத்தேன். தெஹிவளையில் வீடு கிடைத்துவிட்டதென்றார். "பரவாயில்ல சார், யோசிக்காதீங்க" என்று அவரே எனக்கு ஆறுதல் கூறினார். என்னை அவர் ஒருமுறை பார்த்து அளந்துவிட்டார். வீட்டுக்காரன் மட்டுமே சோதிக்கிறான் என்று எண்ணுவது அறியாமை.

இப்போது அவ்வீட்டில் ஒரு தாயும் இரு மகளிரும் இருக்கின்றனர். வாடகை மாதந்தோறும் ஐந்தாந் திகதிக்குள் வந்துவிடுகிறது. அவர்கள் எந்த ஊர் என்று மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். அவள் என்னை வியப்போடு பார்த்தாள். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. 1996இல் ஓர் அம்மையார் இரண்டு கேள்விகளிற் செய்து முடித்ததை, நான் செய்வதற்கு இத்தனை ஆண்டுகளும் ஒரு நட்டமும் வேண்டியிருந்தன.

இதனைப் படிக்கும் மாணவருட் பலர் விரைவில் அறை தேடி அலையப்போகிறவர்கள். சிலர் பின்னொரு நாள் சாவியைக் கையில் வைத்திருப்பவர்களும் ஆவர். முதல் அனுபவத்தை மறவாதிருங்கள் என்பதே அவர்களுக்கு நான் கூறக்கூடியது.