தளர்நடை

திருச்சுழிக்கு அண்மையில், கரிசல் மண் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவன் நான். குண்டாறு எங்கள் பக்கத்தில் மழைக்காலத்துச் சில நாள் ஓடும். எஞ்சிய நாளெல்லாம் மணலாய்க் கிடக்கும். அருப்புக்கோட்டை தொடங்கித் திருச்சுழி வரையுள்ள மானாவாரி நிலம் வானத்தை நம்பியே வாழ்வது. மழை தொடங்குமுன்னரே புழுதி நிலத்தில் விதைத்துவிட்டு உழவர் காத்திருப்பர். மழை பொய்த்தால் விதை பாழாகும். மீண்டும் விதை தேடி மீண்டும் விதைப்பர். இத்தகைய மக்களிடையே பிறந்து வளர்ந்தும், விடாமுயற்சி யாதென அறுபது வயது கடந்த பின்னரே நான் உணர்ந்தேன். உணர்த்தியவள் என் பேத்தி. அப்போது அவளுக்கு ஓராண்டும் நிரம்பவில்லை.

தமிழாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், ஓர் ஐப்பசி மாலை, மழையில் நனைந்த திண்ணைப் படியில் கால் வழுக்கி விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் அறுவை மருத்துவம் நடந்தது. “நாள்தோறும் நடந்தால்தான் கால் தேறும்” என்று மருத்துவர் அறிவுறுத்தி, ஊன்றுகோலுடன் வீட்டிற்கு அனுப்பினார்.

முதல் நாள் தெருவில் நாலடி நடந்தேன். ஐந்தாம் அடியில் தடுமாறிச் சுவரைப் பற்றிக்கொண்டேன். பூ விற்கும் அம்மையார் ஓடிவந்து, “பார்த்து ஐயா, பார்த்து” என்று தாங்கினார். அவர் காட்டியது அன்பே. ஆயினும் எனக்கு நாணம் பொறுக்க முடியவில்லை. ஊரார் எழுந்து நின்று வணங்கிய ஆசிரியன் தெருவில் தள்ளாடுவதா? அன்றுமுதல் தெருக்கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு திங்கள் கட்டிலே எனக்கு உலகமாயிற்று. கேட்டவர்க்கெல்லாம், “வலி மிகுதி” என்றேன். உண்மையில் வலியினும் நாணமே மிகுதி.

அந்நாளில்தான் பேத்தி நடைபழகத் தொடங்கினாள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். அவற்றுள் தளர்நடையிட்டு வரும் குழந்தையை “வருக” என அழைப்பது வருகைப் பருவம். அதனைப் பல்லாண்டு வகுப்பிலே விளக்கியவன் நான். எனினும், அவ்வருகைக்குமுன் எத்துணை முறை குழந்தை விழுகிறது என்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று கட்டிலில் கிடந்தவாறே எண்ணினேன்.

முற்றத்தில் ஒரு பனையோலைக் கிலுகிலுப்பை கிடந்தது. தூணைப் பிடித்து எழுந்தாள், இரண்டடி வைத்தாள், விழுந்தாள். மீண்டும் எழுந்தாள், மீண்டும் விழுந்தாள். விழுந்தபோதெல்லாம் அவள் கண்கள் எவரையும் தேடவில்லை. கிலுகிலுப்பை எங்கே என்றுதான் தேடின. ஒன்பது முறை விழுந்து, பத்தாம் முறை அதனைக் கையிற்பற்றிக் குலுக்கினாள்.

“ஒன்பது முறை விழுந்தாள், அம்மா!” என்று மகளிடம் வியந்து கூறினேன். அவள் அடுக்களையிலிருந்தே, “நீங்கள் எண்ணுகிறீர்கள், அப்பா, அவள் எண்ணவில்லை” என்றாள்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

இதனை ஆராய்ந்தோரும் உளர். நியூயார்க் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் காரன் அடால்ஃபும் அவர்தம் குழுவினரும் 12 முதல் 19 திங்கள் வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விளையாடும் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் நடக்கிறது. 17 முறை விழுகிறது என்று அவர்கள் கண்டனர். நன்கு தவழத் தெரிந்த குழந்தை, அதனை விடுத்து நடக்க முற்படுவது ஏன்? தவழ்வதினும் நடப்பதால் விரைவாகவும் நெடுந்தொலைவும் செல்ல இயலும் என்பதே அவர்கள் கண்ட விடை. விழும் துன்பத்தினும் சென்றடையும் இன்பம் குழந்தைக்குப் பெரிது.

அவ்வாறாயின், பிறந்தபோது இல்லாத நாணம் மனிதனுக்கு எப்போது வந்து சேர்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடியபோது, நான் மறக்க விரும்பிய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவன் ‘மழை’ என்பதை ‘மளை’ என்று படித்தான். அவனை எழுப்பி நிறுத்தி ஐந்து முறை சொல்லச் செய்தேன். ஐந்து முறையும் தவறினான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் வாய்விட்டுப் படிக்க எழுந்ததே இல்லை. ஆறாம் முறை அவனுக்கு ழகரம் வந்திருக்கக்கூடும். அந்த ஆறாம் முறையை அவனிடமிருந்து பறித்தவன் நான். அன்று பிழைபட்டது அவன் நா அன்று, என் நெஞ்சே.

மறுநாட் காலையில் தெருக்கதவைத் திறந்தேன். பேத்தி என் முன்னே சென்றாள். இருவரும் தள்ளாடினோம். பூக்கார அம்மையார் நகைத்தார். இம்முறை நானும் உடன் நகைத்தேன். தை பிறக்குமுன் கண்மாய்க் கரைவரை ஊன்றுகோலுடன் செல்லும் வலிமை வந்தது. இன்றும் நாள்தோறும் சென்று வருகிறேன்.

பிறிதோர் ஆராய்ச்சியும் அறியத்தக்கது. அரிதின் முயன்று ஒரு செயலை முடிக்கும் பெரியவரைக் கண்ட 15 திங்கட் குழந்தைகள், தமக்குத் தரப்பட்ட இயங்காத பொத்தானைப் பிற குழந்தைகளினும் மிகுதியாக அழுத்திப் பார்த்தன என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2017-இல் வெளியிட்டனர். ஆகவே, நாம் குழந்தையிடம் கற்பது போன்றே குழந்தையும் நம்மிடம் கற்கிறது. நாம் கட்டிலில் கிடந்தால் அதனையும் அது காணும்.

மாணவர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் பலநூறு முறை விழுந்தே நடக்கக் கற்றீர்கள். கணக்கோ, ஆங்கிலமோ, நீச்சலோ வரவில்லை என்று சோரும்போது அதனை நினையுங்கள். உங்கள் அருகே ஒருவன் தடுமாறும்போது நகையாதீர்கள். அடுத்த முறை எழுவதற்கு அவனுக்கு இடங்கொடுங்கள்.