தங்கப் பாதையில் ஒரு பகல்

அலாஸ்காவின் ஸ்காக்வே ஊரில் காலை ரயில் ஏறுகிறவர்கள் இடப்பக்க ஜன்னலுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். மலை ஏறும்போது பள்ளத்தாக்கும் அருவிகளும் பனி மூடிய சிகரங்களும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் பாறைச் சுவர். ஆனாலும் கவலை இல்லை, பெட்டியின் கடைசியில் திறந்த மேடை உண்டு. குளிர் தாங்கும் என்றால் அங்கே போய் நின்று இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

தண்டவாளத்தின் அகலம் வெறும் மூன்றடி. அதில் 32 கிலோமீட்டர் தூரத்துக்குள் கடலோரத்திலிருந்து 873 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது ரயில். ஒரு திருப்பத்தில் பழைய இரும்புப் பாலம் ஒன்று, யாருக்கும் உபயோகமில்லாமல் பள்ளத்துக்கு மேலே நிற்கும். 1901-ல் கட்டியது. 1969-லிருந்து ஓய்வு. கேமராக்கள் எல்லாம் அதன் பக்கம் திரும்பும்.

கொஞ்சம் கீழே பார்த்தால் பாறைகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடித் தடம் தெரியும். உண்மையில் பார்க்க வேண்டியது அதைத்தான். 1896-ல் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்ததும், மறு வருஷமே ஆயிரக்கணக்கானோர் இந்த வழியாகக் கிளம்பினார்கள். வந்தவன் பட்டினி கிடந்து சாகக் கூடாது என்பதற்காக, ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும் இல்லாமல் யாரையும் எல்லைக்குள் விடவில்லை கனடா போலீஸ். ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். முதுகில் சுமந்து, இறக்கி வைத்து, திரும்பி வந்து, மறுபடி சுமந்து... குதிரை வாங்கியவர்கள் அதற்கும் தாங்காத பாரம் ஏற்றினார்கள். சுமார் மூவாயிரம் குதிரைகள் இந்த வழியில் செத்தன. அந்தப் பள்ளத்துக்கு ‘செத்த குதிரைப் பள்ளம்’ என்றே பெயர். வழிகாட்டி இதைச் சொல்லும் நேரத்தில் பெட்டிக்குள் சிப்ஸ் பாக்கெட் பிரியும் சத்தம் கேட்கும். யாரைக் குறை சொல்வது? ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு அழகு.

ரயில்பாதை வேலை 1898 மே மாதம் தொடங்கி 1900 ஜூலை 29-ல் முடிந்தது. அதற்குள் தங்க ஜுரமே தணிந்துவிட்டது. கூட்டம் வேறு ஊருக்குப் போய்விட்டது!

எல்லை தாண்டி ஃப்ரேசரில் இறங்கி, பேருந்தில் ஏற வேண்டும். அங்கிருந்து காட்சி மாறுகிறது. ஆள் உயரம்கூட வளராத ஊசியிலை மரங்கள், நீண்ட நீண்ட ஏரிகள், மணிக்கணக்கில் ஒரு வீடுகூட இல்லாத சாலை. கார்க்ராஸ் ஊருக்குப் பக்கத்தில் திடீரென்று மணல்மேடுகள். பனிக்காலத்து ஏரி ஒன்று வற்றிப்போய் மிச்சம் வைத்த மணல். அதைத் தாண்டினால் எமரால்டு ஏரி. அடியில் படிந்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், மரகதத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். போட்டோவில் அந்த நிறம் பாதிகூட வராது.

கார்க்ராஸில் பேருந்து நிற்கும்போது பெரும்பாலோர் ஐஸ்கிரீம் கடைக்கு ஓடுவார்கள். இந்தச் சின்ன ஊரில்தான் கேட் கார்மாக் வாழ்ந்தார். டாகிஷ் பழங்குடிப் பெண். தங்கத்தைக் கண்டுபிடித்ததாகப் பதிவு செய்துகொண்ட ஜார்ஜ் கார்மாக்கின் மனைவி. அன்று அதை முதலில் பார்த்தது ஜார்ஜா, கேட்டின் அண்ணன் தம்பி உறவான ஸ்கூக்கும் ஜிம்மா, இல்லை கேட்டேதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கேட்டின் பெயரில் மட்டும் ஒரு பிடி மண்கூடப் பதிவாகவில்லை. சுரங்கக்காரர்களுக்குக் கையுறையும் தோல் காலணியும் தைத்து விற்று வீட்டுக்குக் காசு கொண்டுவந்தவர் அவர்.

1900-ல் ஜார்ஜ் அவரைக் கைவிட்டு வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். கல்யாணத்துக்குப் பத்திரம் ஏது என்று கேட்டுவிட்டது சட்டம். மகளோடு கார்க்ராஸ் திரும்பிய கேட்டுக்கு ஜிம் ஒரு குடிசை கட்டிக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் மகளும் அப்பாவிடமே போய்விட்டாள். இதே ரயிலில் வந்திறங்கிய சுற்றுலாக்காரர்களுக்குத் தையல் வேலை செய்து விற்றார் கேட். 1920-ல் காய்ச்சலில் இறந்தார். கனடாவின் சுரங்கத்துறை அவரைத் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்தது 2019-ல். ஜார்ஜும் ஜிம்மும் இருபது வருஷத்துக்கு முன்பே அதில் இருந்தார்கள்.

தங்கம் கிடைத்த அன்று உடனிருந்த இன்னொரு உறவினர் டாசன் சார்லி. 1908-ல் இந்த ஊர் ரயில்பாலத்திலிருந்து விழுந்து நீரில் மூழ்கினார். ஐஸ்கிரீமோடு கரையில் நின்று பயணிகள் படமெடுப்பது அந்தப் பாலத்தைத்தான்.

கேட், ஜிம், சார்லி மூவரும் கார்க்ராஸ் கல்லறையில் இருக்கிறார்கள். ஜார்ஜின் கல்லறை சியாட்டிலில். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், ஸ்காக்வேக்குத் திரும்ப நேரமாகிவிட்டது.