கம்பி இல்லாத சிறை

ஆஸ்திரேலியாவில், கோல்ட் கோஸ்ட் நகரத்தில், 'ட்ரீம்வேர்ல்ட்' என்று ஒரு கேளிக்கைப் பூங்கா. 1981-ல் திறக்கப்பட்ட அப்பூங்காவில் 1995-ல் 'புலித் தீவு' ஏற்பட்டது. பயிற்சியாளர்களோடு புலிகள் விளையாடுவதையும் நீந்துவதையும் ஜனங்கள் கண்டு வியந்தார்கள். கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டும் யோசனையோ இன்னும் பழையது. ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் 1907-லேயே தமது மிருகக்காட்சிசாலையில் செய்து காட்டியது.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட என் பேத்தி, "அப்படியானால் புலிக்கு விடுதலை கிடைத்துவிட்டதா, தாத்தா?" என்றாள்.

"கம்பிதான் மறைந்தது, அம்மா, சிறை மறையவில்லை" என்றேன்.

வேளை தவறாத உணவு உண்டு. வேட்டைக்காரன் பயம் இல்லை. ஆனால் காடு எங்கே? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் காடுகளில் 3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவற்றின் சுதந்திரம் நம் கையில் அல்லவா இருக்கிறது?